பல்லும் பல்லும் பொருந்தும் இடம்

ஓசூரின் ஜூஜுவாடி எல்லையில், அத்திப்பள்ளிப் பக்கம் போவதற்கு லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது, அவற்றின் பின்சக்கர நடுவை ஒரு தரம் உற்றுப் பாருங்கள். ஹப் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட் வரிசை. அந்தப் போல்ட்டுகளைக் கழற்றி இழுத்தால், சக்கரம் தரையில் நின்றபடியே இருக்க, உள்ளே உள்ள ஆக்சில் ஷாஃப்ட் மட்டும் உருவிக்கொண்டு வரும். வண்டியின் பாரத்தை ஹவுசிங் முனையில் இருக்கும் பேரிங்குகள் தாங்கிக்கொள்கின்றன. ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். இதுதான் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். அதே வரிசையில் நிற்கும் சிறிய பிக்கப்பைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தத் துருத்தல் இருக்காது. அங்கே ஒரே ஷாஃப்ட் பாரத்தையும் சுமக்க வேண்டும், சக்கரத்தையும் சுழற்ற வேண்டும். அது செமி ஃப்ளோட்டிங். முறிந்தால் சக்கரமே வண்டியை விட்டுக் கழன்று போகலாம்.

இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங். போருக்குப் பிறகு உழவருக்கும் ஊர்க்காரருக்கும் என்று வந்த சி.ஜே. ஜீப்புகளில் சீக்கிரமே செமி ஃப்ளோட்டிங் வந்துவிட்டது. மகிந்திரா பல பத்தாண்டுகள் செய்து விற்ற சி.ஜே.3பி அந்த வழியில் வந்தது. முன்னால் டானா 25, பின்னால் டானா 44 என்ற இரண்டு உறுதியான குழல் ஆக்சில்கள், நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டைக் கட்டு. நம் பக்கத்துப் பழைய ஃபோர் வீல் பிக்கப்புகளில் பலவற்றுக்கு அடிப்படை இந்த ஜீப்புதான். அப்படியொரு வண்டியைக் காடுமேடுக்கு ஏற்றபடி ஆக்சிலும் டயரும் மாற்றிச் செம்மைப்படுத்துவதை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன். அந்தக் கலை செழிக்க ஓசூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

காரணம் எளியது. 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் வந்தன. அவற்றைச் சுற்றிப் பல் வெட்டும் கடைகள், ஹீட் டிரீட்மெண்ட் பட்டறைகள், கிரைண்டிங் போடும் சின்னச் சின்ன லேத் ஷெட்டுகள் முளைத்தன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பற்றி டீக்கடை பெஞ்சில் பேசும் ஊர் இது. பழைய ஜாமான் வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் ஜே.சி. ரோடு. மறுபக்கம் தளி, கெலமங்கலம், அஞ்செட்டி. மழை பெய்தால் வழுக்கும் செம்மண், அது வழித்துக்கொண்டு போன இடத்தில் மொட்டைப் பாறை. தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் வந்து சேர வேண்டிய வண்டிக்கு ஆஃப் ரோடு என்பது வேடிக்கை கிடையாது. அந்த வண்டிக்குச் சரியாக அமைகிற ஆக்சிலும் டயரும்தான் ஞாயிற்றுக்கிழமை மலையேற விரும்புகிறவருக்கும் சரியாக அமையும் என்பது என் கட்சி.

முதலில் டயர். பலர் ஆக்சிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு டயரைக் கடைசியில் வாங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். டயரின் உயரம் முடிவானால்தான், ஆக்சிலின் நடுவில் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனுக்கு எத்தனை பல் என்பது முடிவாகும். அதன் பிறகுதான் ஷாஃப்ட் எவ்வளவு தடிமன் என்ற கேள்வி.

அகலமான டயர் என்றால் பலம் என்று ஒரு மயக்கம் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா ஜீப்புகளைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக் கல் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் அந்த வண்டிகளில் பகட்டான டயர் எதுவும் இல்லை. ராணுவ வண்டிகளுக்கென்று வந்த என்.டி.எம்.எஸ். கட்டை போட்ட 16 அங்குல டயரும் இந்த வேலைக்கு என்றே பிறந்தது. ஒல்லியான டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கிக் கீழே உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். நம் செம்மண்ணுக்கு அடியில் பெரும்பாலும் கெட்டித் தரை உண்டு. அடியே இல்லாத மணலிலும் சதுப்பிலும்தான் அகலத்துக்கு வேலை. ஆகவே தளிப் பக்கம் ஓடப்போகும் வண்டிக்கு, 6.00-16ஐ எடுத்துவிட்டு 7.00-16 போடுவதில் எனக்குக் கிடைக்கிற நிறைவு, மட்கார்டை வெட்டி அகல டயர் திணித்த வண்டியைப் பார்த்துக் கிடைப்பதில்லை. கட்டைகளுக்கு இடையில் இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும், சுழலும்போது களிமண்ணை உதறித் தள்ளுவதற்கு. இடைவெளி நெருக்கமான டயர் நாலு சுற்றில் மண்ணை அப்பிக்கொண்டு மொட்டை டயராகிவிடும்.

பாறையில் இன்னொரு கணக்கு. அங்கே கட்டையைவிட டயரின் நெகிழ்வு பெரிது. 35 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் ரேடியல் டயரை 18க்கு இறக்கினால், தரையைத் தொடும் தடம் முக்கியமாக நீளவாக்கில் வளரும். ரப்பர் கல்லின் மேடு பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். காசு செலவில்லாத இந்த வேலை, ஆயிரக்கணக்கில் கொட்டிய பல ஜாமான்களைவிட அதிகம் தரும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்று அடிக்க ஒரு கம்ப்ரஸர் இருந்தால் போதும்.

உயரம் கூடினால் என்ன ஆகிறது? பழைய ஜீப்பின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ 2.46, ஆக்சிலில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி நடை வேகத்தில் நிதானமாக ஏறுவதற்கு அந்த 37தான் ஆதாரம். டயர் பத்து சதவீதம் உயர்ந்தால், சக்கரத்தில் கிடைக்கும் இழுவை இந்த எண் 34க்கும் குறைவாக இருக்கும் வண்டியின் இழுவைக்கு இறங்கிவிடும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே ஏற வேண்டி வரும், கிளட்ச் கருகும். இழந்ததை மீட்க வேண்டுமென்றால் கிரவுன் பினியனை மாற்ற வேண்டும். இங்கேதான் கைவினை தொடங்குகிறது.

5.38 என்பது பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல். எட்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் பொது வகு எண் கிடையாது. அதனால் பினியனின் ஒரு பல், கிரவுனின் 43 பற்களையும் ஒவ்வொன்றாகச் சந்தித்துவிட்டுத்தான் முதலில் தொட்ட பல்லுக்குத் திரும்பும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. எங்கோ ஒரு பல்லில் சின்னக் குறை இருந்தாலும் அது ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருக்காது. இரும்பில் எழுதப்பட்ட இந்தக் கணிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. செய்கிற இடத்திலேயே இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டு இழைத்து, இரண்டின் மேலும் ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே கூடாது. பழைய ஜாமான் கடையில் கிரவுன் தனியாகவும் பினியன் தனியாகவும் கிடைத்து, எண் ஒத்துப்போகவில்லை என்றால், எத்தனை மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும்.

பூட்டுவது இன்னும் அழகு. பினியன் எவ்வளவு உள்ளே போய் நிற்கிறது என்பதைப் பேரிங்குக்கு அடியில் வைக்கும் ஷிம் தீர்மானிக்கும். காகிதத் தடிமன் ஷிம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் மாறிவிடும். கிரவுனை அசைத்து, பற்களுக்கு இடையில் உள்ள ஆட்டத்தை, அதாவது பேக்லாஷை, டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். டானா 44க்கு அது 0.13 மி.மீ. முதல் 0.23 மி.மீ. வரை இருக்கலாம். அதன் பிறகு கிரவுன் பற்களில் புளூ தடவி, கிரவுனுக்குக் கையால் தடை கொடுத்தபடி பினியனைச் சுற்றுவார்கள். பல்லின் முகத்தில் ஒரு தடம் விழும். தடம் பல்லின் அடியில் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் ஏறியிருந்தால் போதவில்லை. கழற்று, ஷிம்மை மாற்று, திரும்பப் பூட்டு, திரும்பத் தடவு. தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக, ஓரங்களைத் தொடாமல் விழும் வரைக்கும் நல்ல மேஸ்திரி விடமாட்டார். “போதும் அண்ணா, ஓடிச் சரியாகிடும்” என்று பக்கத்தில் நிற்கும் பையன் சொன்னால் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஓடிச் சரியாவது என்று ஒன்று இந்த வேலையில் கிடையாது. ஓடினால் கெடும்.

வண்டி சாலையில் இறங்கியதும் அடுத்த சோதனை காதுக்கு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, எடுத்தால் அமைதி என்றால் பல்லின் இழுக்கும் முகத்தில் பொருத்தம் சரியில்லை. எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் மறுமுகத்தில். இரண்டிலும் ஒரே முனகல் என்றால் பல்லை விட்டுவிட்டுப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். தட்டித் தட்டி மிருதங்கத்துக்குச் சுருதி கூட்டுகிறவரின் செவி எப்படியோ, இந்தச் செவியும் அப்படியே வருடங்களில் வளர்வது.

ஷாஃப்டுக்கு வருவோம். முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் படியாக ஏறும். பத்து சதவீதம் தடிமன் கூட்டினால் பலம் 33 சதவீதம் கூடும். அதனால்தான் பின்னால் வந்த கனத்த ஆக்சிலை முழுசாகத் தூக்கி வைப்பதற்கு இவ்வளவு கிராக்கி. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் செய்த நிசான் ஜோங்காவின் ஆக்சில்களைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் முறிந்த ஷாஃப்டைக் கையில் எடுத்து அதன் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர், ஆக்சிலை மாற்றாமலே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவார். முறிந்த முகத்தில் அலை அலையாக வரிகள் தெரிந்தால், விரிசல் எப்போதோ பிறந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் ஸ்பிளைன் பல்லின் அடியிலோ, கூர்மையாக விட்டுவிட்ட ஒரு மூலையிலோதான் பிறந்திருக்கும். புது ஷாஃப்ட் கடையும்போது அந்த மூலையில் ஒரு சின்ன வளைவு கொடுத்து, மேல்பரப்பைப் பளபளப்பாக்கிவிட்டால் அதன் ஆயுளே வேறு. இ.என்.24 எஃகு வாங்கினேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மூலையைக் கத்திபோல விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நல்ல எஃகு வீணாகிறது.

டிஃப்ரன்ஷியலின் சிறு பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்றது இழுக்கும், உண்மைதான். ஆனால் தார் ரோட்டில் ஒரு திருப்பம் திரும்பியதும் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே அளவு சுற்றியாக வேண்டும். டயர் தேயும், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். எனக்கு இந்த முரட்டுத்தனம் பிடிக்காது. சக்கரம் வழுக்கும்போது தானாகப் பூட்டிக்கொண்டு, தேவை முடிந்ததும் விட்டுவிடும் ஈட்டன் லாக்கரை 2015இல் தன் ‘தார்’ ஜீப்பின் பின் ஆக்சிலில் மகிந்திராவே கொடுத்தது. நாசூக்கு என்றால் அது.

அதேபோல, பட்டைக் கட்டுக்கு அடியில் ஆக்சிலைத் தள்ளி வண்டியை ஏகத்துக்கும் உயர்த்துவதும் எனக்குப் பிடிக்காது. பார்க்க மிடுக்கு. ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு யுனிவர்சல் ஜாயின்ட் அடித்துக்கொள்ளும், வேகமாக இழுத்தால் பட்டை வளைந்து ஆக்சிலே முறுக்கிக்கொண்டு எழும், சரிவில் வண்டி சாயும். புதிதாகக் கட்டிய பட்டைகளும், ஆடாத சாக்கிள் புஷ்ஷும், டயர் உரசாத அளவுக்குச் சின்ன உயரமும் எனக்குப் போதும். பெரிய டயரை நிறுத்த வேண்டிய பழைய டிரம் பிரேக்கையும் அதே மூச்சில் கவனித்தாக வேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. பதிவு பெற்று ஓடும் வண்டியில், கம்பெனி அனுமதித்த அளவுக்குள் டயரும், அதே வகை ஆக்சிலின் செம்மையான மறுகட்டுமானமும்தான் சரியான எல்லை. அதற்கு மேல் போகிறவர்கள் வண்டியை லாரியில் ஏற்றிப் போட்டி நடக்கும் தனியார் நிலத்துக்குக் கொண்டுபோகட்டும்; கோவாவில் 2014 முதல் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்றவை அதற்குத்தான். அஞ்செட்டிக்கு அப்பால் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. அது யானைகளின் வழி. எத்தனை நல்ல டயராக இருந்தாலும் அங்கே அதற்கு இடமில்லை.

இந்த எல்லைக்குள் நின்று செய்கிற வேலையில்தான் ரசனை கூர்மையாகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஒரு மாற்றம் வெளியே கண்ணுக்கே தெரியாது. ஆக்சில் ஹவுசிங்கின் மேல், காற்று போய்வர ஒரு சின்னப் பிரீதர் இருக்கும். ஏற்றத்தில் சூடேறிய ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். பிரீதர் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். 90 ஆயில் வெளுத்துக் குழம்பும், அவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய பற்கள் துருப்பிடிக்கும். பிரீதரில் ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி சேசிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் தீர்ந்தது. முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்றுக்கும்.

புதிய கிரவுன் பினியன் போட்ட வண்டியை முதலில் பாரம் ஏற்றாமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றும்போது, வடித்ததைத் தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மாவுபோல மெல்லிய சாம்பல் நிறப் பொடி மட்டும் இருந்தால் பற்கள் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டன. விரலில் உறுத்தும் சிம்பு ஒன்று கிடைத்தாலும் வண்டியை மலைக்கு அனுப்பாமல் திரும்பப் பட்டறைக்கே விடுங்கள்.