சாட்டை யார் கையில்?

'மூடநம்பிக்கை' என்று நம் பகுத்தறிவாளர்களும், 'ஐதீகம்' என்று நம் பண்பாட்டுக் காவலர்களும் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிற விஷயம் சாட்டையடி. இரண்டு தரப்பும் முதுகைத்தான் பார்க்கிறார்கள். சாட்டையைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவில் 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் போன்ற துறவிகள் தம்மைத் தாமே கசையால் அடித்துக்கொள்வதை உயர்ந்த தவமாகப் போற்றினார்கள். மடத்துச் சுவருக்குள் நடந்தவரை திருச்சபைக்கு அதில் சிக்கல் இல்லை. 1260இல் இத்தாலியின் பெரூஜியாவில் சாதாரண சனங்கள் கசையோடு தெருவில் இறங்கினார்கள். 1348-49 கொள்ளைநோய்க் காலத்தில் அது ஊர் ஊராகப் பரவியது. குருவானவர் இல்லாமலே பாவம் தீரும் என்றாகிவிட்டது. 1349 அக்டோபரில் போப் ஆறாம் கிளமெண்ட் அந்த இயக்கத்தைக் கண்டித்தார். சிந்திய ரத்தத்தைவிட, கைமாறிய அதிகாரமே பிரச்சினை என்று இதை வாசிக்கலாம். அதற்காக அதைப் புரட்சியென்று கொண்டாடவும் வேண்டாம். அந்த ஊர்வலங்களில் யூத வெறுப்பும் சேர்ந்தே நடந்தது.

இனி எங்கள் புதுக்கடைப் பக்கம் வருவோம். நட்டாலத்து நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது. அடி, ரணத்தில் மிளகாய்ப்பொடி, எருமைமேல் ஊர்வலம் என்று மரபு சொல்லும் சித்திரவதைகள். 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொலை. ஃபூக்கோ தன் சிறை பற்றிய நூலைத் தொடங்குகிற தாமியான் வதை 1757இல் நடந்தது. மன்னன் தன் அதிகாரத்தைக் குடியானவன் உடம்பில் எழுதிக்காட்டியது பாரீஸில் மட்டுமல்ல.

2022 மே 15இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. நல்லது. ஆனால் 1855 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்த அதே திருவிதாங்கூரில், புலையர், பறையர் முதுகில் வயலில் விழுந்த அடிகளுக்குத் திருநாள் எதுவும் இல்லை. அரண்மனை உத்தியோகஸ்தர் வாங்கிய அடி புனிதமாகிறது; அடிமை வாங்கிய அடி கணக்கிலேயே வரவில்லை. சாதி பாராமல் பழகிய அவர்மேல் குற்றமில்லை. குற்றம் நம் ஞாபகத்தில் இருக்கிறது.

பவித்திரம் வெள்ளாளப்பட்டி அச்சப்பன் கோயிலில் விஜயதசமியன்று பெண்கள் முட்டிபோட்டுக் கையை உயர்த்துகிறார்கள். பூசாரி சாட்டையால் அடிக்கிறார். அடி பேய்க்குத்தான், அவளுக்கில்ல என்பது தர்க்கம். வலி மட்டும் அவளுக்கு.

அப்படியானால் தன் கையிலேயே சாட்டை இருந்தால் விடுதலையா? பெண் உறுமியை இழுக்க, தன்னையே அடித்துக்கொண்டு தெருத்தெருவாய் வருகிற சாட்டையடிக்காரரைப் பாருங்கள். காசு விழும்வரை அவரால் நிறுத்த முடியாது. 2024 டிசம்பர் 27இல் கோவையில் அண்ணாமலை காமிராக்களுக்கு முன்னால் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொண்டார். அதை எப்போது கீழே போடுவது என்பதும் அவர் முடிவுதான். ஆகவே யார் கை என்பதோடு கேள்வி நிற்காது. நிறுத்துகிற உரிமை யாருக்கு என்றும் கேட்கணும்.

கோயில் சாட்டையடிக்கு உடனே தடை கோருகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கல்யாணம் ஆகலை, பிள்ளை இல்லை, சொல்லத் தெரியாத சீக்கு என்று அந்தப் பெண்ணை அங்கே முட்டிபோட வைப்பது அவள் வீடும் ஊரும். அதைத் தொடாத தடை, பூசாரியின் சாட்டையைப் பிடுங்கிப் போலீஸ்காரர் கையில் லத்தியாகக் கொடுப்பதில்தான் முடியும். முதலில் அவளிடம் போய்ப் பேசுவோம்.