நாலு கதவு ஹெரால்டு

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்கடைப் பெரியவர் ஒருவர் கைப்பேசியில் பழைய மெட்ராஸ் கல்யாணப் படத்தைக் காட்டினார். மாலை சூடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. "கதவ எண்ணிப் பாருங்க தம்பி," என்றார்.

நாலு! இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. குடும்பத்தோடு ஏறுகிற நம்மவர்களுக்காக நாலாக்கியது மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். எனக்கு அதன் பானெட்தான் உயிர். தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாமே முன்னால் சாயும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே எஞ்சினைத் தொடலாம். சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். இங்குள்ள சந்துகளுக்கே செய்தது போல!

ஸ்டாண்டர்டு 1988இல் கார் செய்வதை நிறுத்தியது. கடைசிக் காரான ஸ்டாண்டர்டு 2000, ரோவர் உடலுக்குள் பழைய வான்கார்டு எஞ்சினைச் சுமந்தது. அந்த அழகான உடலுக்கு அது பெரிய அநியாயம்.

பெரியவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். பின்கதவுக் கைப்பிடியில் ஒரு மல்லிகைச் சரம்.