வெட்டாமல் விட்ட கருப்பு

மரச்செதுக்கு அச்சுக்கு ஒரே விதி: உளி எடுத்த பள்ளம் வெள்ளை, விட்ட மேடுதான் மை வாங்கும். இது புரியணும்னா கேத்தே கொல்விட்ஸின் கார்ல் லீப்னெக்ட் அஞ்சலிப் படத்தைப் பாருங்க.

1919 ஜனவரியில் கொல்லப்பட்ட தலைவரின் உடல், சுற்றிலும் தொழிலாளர்கள். எட்சிங், லித்தோ இரண்டையும் முயன்று கைவிட்டு, 1920-ல் மரத்துக்கு வந்தார். சரியான முடிவுன்னுதான் சொல்வேன். எட்சிங்கில் சாம்பல் சாயல்கள் வரும், துக்கம் மென்மையாகிவிடும். மரத்தில் அந்தச் சமாதானம் கிடையாது. குனிந்தவரின் உருவம் பெரும்பாலும் வெட்டாத கருப்பு. வெள்ளைத் துணிமேல் அவர் வைத்த பெரிய கையில்தான் நம்ம கண் போய் நிற்கிறது.

வெட்டிய மரம் திரும்ப வராது; எங்க தொழிலில் உள்ள 'அன்டூ' இங்கே இல்லை. உளி வகைகளை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை வெட்டாம விடுவது என்பதைத்தான்.