சான்று எங்கே?

கவிதைக்குத் திறனாய்வு உண்டு, கதைக்கு உண்டு, நாடகத்துக்கும் உண்டு. விளம்பரத்துக்கு மட்டும் ஏன் இல்லை? தலையங்கத்தை வரிக்கு வரி ஐயுற்றுப் படிக்கும் நாம், விளம்பரப் பக்கம் வந்ததும் கண்ணை மட்டும் திறந்து வைத்து அறிவை மூடிவிடுகிறோம். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கையையும் காலையும் பறித்த பொய்யொன்று விளம்பரப் பக்கத்திலேதான் கொலுவிருந்தது. எனவே, இக்கிழமை விளம்பரம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம்.

ஆண்டு 1961. இடம் இங்கிலாந்து. மருத்துவர்களுக்கென வெளிவந்த விளம்பரம் அது. படத்திலே ஒரு மழலை. மருந்து அலமாரியைத் திறந்து, புட்டியொன்றைக் கையிலே எடுத்துவிட்டது. இக்குழந்தை பிழைப்பது 'டிஸ்டவால்' தீங்கற்றது என்பதைப் பொறுத்தே இருக்கலாம் என்பது கீழே கண்ட வாசகத்தின் பொருள். கலை என்ற அளவிலே பார்த்தால் குறை கூற இயலாது! அச்சத்தையும் அன்பையும் ஒரே படத்தில் குழைத்துவிட்டான் ஓவியன். அம்மருந்தைக் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம், தாய்க்கும் ஊறில்லை, சேய்க்கும் ஊறில்லை என்றும் அதே கம்பெனி அறிவித்தது.

டிஸ்டவால் என்பது அங்கு இட்ட பெயர். உள்ளே இருந்தது தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியின் ஸ்டோல்பெர்க் நகரத்துக் குரூனெந்தால் கம்பெனி, 1957 அக்டோபரிலே 'காண்டர்கான்' என்ற பெயரில், மருத்துவர் சீட்டுக்கூடத் தேவையில்லாத தூக்க மாத்திரையாக அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. கருவுற்ற பெண்களின் காலைக் குமட்டலுக்கும் அதுவே கைகண்ட மருந்தாயிற்று.

தீங்கற்றது என்றார்களே, சான்று எங்கே? எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தும் அவை சாகவில்லை, அதுதான் சான்று! கருவிலிருக்கும் உயிரை அது என்ன செய்யும் என்று முறையாக ஆராய்ந்தாரில்லை. எலி சாகவில்லை, ஆகவே சேய்க்கு ஊறில்லை! தாயத்து விற்பவனும் இப்படித்தானே பேசுகிறான்? அவன் தெருவிலே நின்று கூவுகிறான். இவர்கள் வழவழப்பான தாளிலே அச்சிட்டார்கள். கருத்தரித்து ஏறத்தாழ 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரை, அதாவது தான் தாயாகப் போவதைப் பெண்ணே ஐயமற அறியாத நாட்களிலே, உட்கொண்ட ஒரு மாத்திரைகூடப் பிஞ்சின் கை கால்களைக் குலைக்கப் போதுமானதாயிருந்தது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்பு குன்றிப் பிறந்தனர் என்பது மதிப்பீடு. பலர் மழலைப் பருவத்தையே தாண்டவில்லை.

அமெரிக்காவிலே அம்மருந்து விற்பனைக்கு வரவில்லை. அரசின் உணவு மருந்துத் துறையில் 1960-இல் பணியேற்ற பிரான்சஸ் கெல்சி அம்மையாரிடம் ரிச்சர்ட்சன்-மெரல் கம்பெனியின் விண்ணப்பம் வந்தது. கருவுக்குத் தீங்கில்லை என்பதற்குச் சான்று எங்கே என்று அவர் கேட்டார். கம்பெனி மேலதிகாரிகளிடம் முறையிட்டுப் பார்த்தது, அம்மையார் அசையவில்லை. ஆயினும், சோதனை என்னும் பெயரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் கம்பெனி மாத்திரைகளை வழங்கிவிட்டிருந்ததால், அங்கும் சில குழந்தைகள் பலியாயினர். 1961 நவம்பரில் ஹாம்பர்க் மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் குற்றம் சாட்டினார். மாத இறுதிக்குள் ஜெர்மனியில் விற்பனை நின்றது. டிசம்பரிலே சிட்னி நகர மகப்பேற்று மருத்துவர் வில்லியம் மக்பிரைடு, 'லான்செட்' ஏட்டில் சில வரி எழுதி எச்சரித்தார். உலகம் அவரைப் போற்றியது.

நம் தோழர்கள் இக்கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். கயவன் கம்பெனி, வீரர் மருத்துவர், திரை விழுகிறது, கைதட்டல்! ஆனால், நாடகம் முடியவில்லை.

கருவுற்றோர் குமட்டலுக்கென டெபென்டாக்ஸ் என்றொரு மருந்து இருந்தது. அமெரிக்காவில் பெண்டெக்டின் என்பர். அதை விற்றதும் அதே மெரல் கம்பெனி வழிவந்தோரே! அதுவும் நஞ்சு என்றார் மக்பிரைடு. அம்மருந்தின் மீது தொடுத்த வழக்குகளிலே சாட்சியும் சொன்னார். 1982-இல் முயலாய்வு ஒன்றையும் வெளியிட்டார். முயல்களின் எண்ணிக்கையும் மருந்தின் அளவும் அதிலே திருத்தப்பட்டிருந்தன! கண்டு சொன்னவர்கள் அவருடைய ஆய்வுக்கூடத்து இளைய உதவியாளர்களே. 1988-இல் விசாரணைக் குழு அவரது மோசடியை உறுதி செய்தது. 1993-இல் மருத்துவர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. 1961-இலே மெய் சொன்ன வாய்தான்! அன்று சொன்னது மெய் என்பதற்காக இன்று சொல்வதையும் ஏற்பதற்குப் பகுத்தறிவு என்றா பெயர்? பூசாரிக்குப் பதில் மருத்துவரை உட்கார வைத்தோம், அவ்வளவே.

மருந்தென்றாலே நஞ்சு என்று ஒதுங்குவோரையும் இங்கே கேட்கிறோம். வலிப்புள்ள பெண், கருவுற்றேன் என்று மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டால், வலிப்பு தாயையும் தாக்கும், சேயையும் தாக்கும். வால்புரோயேட் போன்ற வலிப்பு மருந்து கருவைக் கெடுக்கும் என்பதும் மெய்யே. ஆகவேதான், கருத்தரிக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. இந்த மருந்து, இந்த அளவு, இந்தத் திங்கள் என்று கேட்டறிய வேண்டிய ஒன்றை, ஆகும் அல்லது ஆகாது என்ற ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பது எந்த வகை அறிவு?

வழக்குச் செலவு தாங்காமல் 1983-இல் பெண்டெக்டினை அமெரிக்கக் கடைகளிலிருந்து கம்பெனியே எடுத்துவிட்டது. அதன் பிறகு பிறவிக் குறைகள் குறைந்தனவா? இல்லை. வாந்தி முற்றி மருத்துவமனைப் படுக்கையில் விழுந்த தாய்மாரின் தொகைதான் கூடிற்று. 2013-இல் அதே இரு பொருள்களின் கலவை, வேறு பெயரோடு அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றுத் திரும்பி வந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிலும், எல்லைக்கு அப்பால் கனடாவிலே, அது கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது.