கிளச்சுக்கு ஒரு துண்டுப் பலகை

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரில் கிளச், பிரேக் பெடல்கள் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். கட்டையான காலுக்கு எட்டாது. சீற்றை முன்னே தள்ளினால் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும். அதற்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு: கிளச் பெடலில் ஓர் அங்குலப் பலகை, மேலே பழைய டயர் றப்பர், இரண்டு போல்ட். போல்ட் தலை றப்பருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். பூ தேய்ந்த றப்பர் ஆகாது, மழையில் நனைந்த சப்பாத்து வழுக்கும். ஹற்றனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக 1,868 மீட்டர் உயர நுவரெலியாவுக்கு ஏறும்போது, வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் இடது காலுக்குத்தான் அந்த அங்குலத்தின் அருமை தெரியும். அழகான கைவேலை, கிளச்சோடு நிற்கும்வரை. பிரேக்கிலும் பலகை வைத்தவரோடு றம்பொடை இறக்கத்துக்கு நான் வரமாட்டேன், பஸ் இருக்கிறது.