ஓய்வில்லாக் காவலரும் ஓய்வுள்ள துப்பாக்கியும்

பகல் முழுதும் வெயிலில் நின்று, மாலையில் நிலையத்துக்குத் திரும்பும் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைக் கழற்றி, தோட்டாக்களை எண்ணிக் காட்டி, பதிவேட்டில் கையொப்பமிட்டு, ஆயுத அறைக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படைத்துவிட்டு, மஃப்டி உடுத்துக்கொண்டு வெறும் இடுப்போடு வீடு நோக்கிப் புறப்படுகின்ற காட்சி இராமநாதபுரத்திலும் காணக்கூடியது. கடலுக்கு அப்பால் மன்னாரிலும் காணக்கூடியது. இக்கரையார் துப்பாக்கி என்பதை அக்கரைத் தமிழர் துவக்கு என்பர். இங்கே நிலைய வாசலில் காவல் நிற்பவரைப் ‘பாரா’ என்பர். நிலையத் தலைவரை அங்கே பொறுப்பதிகாரி என்பர். சொற்கள் வேறாயினும் சம்பிரதாயம் ஒன்றே. ஆயினும் அந்த மாலை வேளையில் ஆயுத அறையில் வைத்துப் பூட்டப்படுவது துப்பாக்கி மட்டுந்தானா, அதனுடன் அம்மனிதரின் கடமையும் சேர்ந்து பூட்டப்படுகிறதா என்று கேட்டால், இரு தேசத்துச் சட்டங்களும் விசித்திரமான ஒரு விடையைத் தருகின்றன.

1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டம், தன் 22ஆம் பிரிவில், ஒவ்வொரு போலீஸ் உத்தியோகஸ்தரும் எந்நேரமும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று விதித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கமாக இலங்கையில் இயற்றப்பட்ட பொலிஸ் கட்டளைச் சட்டம், தன் 56ஆம் பிரிவில் ஏறக்குறைய அதே வாசகத்தைக் கொண்டிருக்கிறது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. ஏகாதிபத்தியம் ஓரிடத்தில் தைத்த சட்டையை மற்றோரிடத்துக்கும் அளவு பாராமல் அணிவிப்பது வழக்கம். சட்டம் மட்டுமன்றி ஆளும் இங்கிருந்தே போனார். பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் காவற்படையொன்றை நடத்திக்கொண்டிருந்த ஜார்ஜ் வில்லியம் ராபர்ட் காம்ப்பெல் என்பாரே 1866 செப்டம்பர் 3ஆம் நாள் இலங்கைப் போலீஸின் தலைமையை ஏற்றவர். அந்நாளையே அத்தீவின் போலீஸார் இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

ஆக, மனிதருக்குக் கடமை முடிவதில்லை. ஆயுதத்துக்கோ கடமை முடிகிறது. உறங்கும்போதும், உண்ணும்போதும், மகளின் கல்யாணத்தில் சந்தனம் கொடுக்கும்போதும் அவர் போலீஸ்காரர்தான் என்று கூறும் அதே அரசு, அவ்வேளைகளில் அவர் கையில் துப்பாக்கியை நம்பிக் கொடுப்பதில்லை. இதில் ஒரு பாதி விவேகம், ஒரு பாதி கபடம் என்பது என் அபிப்பிராயம். அரசு எப்பாதியை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தால், இரு தேசங்களின் போக்கும் விளங்கும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், அரசு ஊழியர் தம் கடமையின் போக்கில் ஏந்தும் ஆயுதத்துக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று விலக்களிக்கிறது. ‘எந்நேரமும் கடமை’ என்னும் பழைய வாசகத்தையும் ‘கடமையின் போக்கில்’ என்னும் இவ்வாசகத்தையும் அருகருகே வைத்தால், வாதத் திறமையுள்ள வக்கீல் ஒருவர், காவலர் கனவிலும் துப்பாக்கி ஏந்தலாம் என்று நிறுவிவிடக்கூடும். நடைமுறை அவ்வாறன்று. சொந்தப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வேண்டும் காவலர், ஒரு வியாபாரியோ மிராசுதாரரோ விண்ணப்பிப்பது போலவே உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வுரிமத்தில் அவர் பெறக்கூடியது பெரும்பாலும் .32 அங்குலக் கைத்துப்பாக்கி. பணியில் ஏந்தும் 9 மில்லிமீட்டரோ சாதாரணப் பிரஜைக்கு விலக்கப்பட்ட துளையளவு. தோட்டாவின் விட்டத்தைக் கொண்டே ஒருவருடைய உத்தியோகத்துக்கும் உடைமைக்கும் எல்லை வகுத்த இந்த ஏற்பாட்டை, அதை வகுத்தவர்கள் எந்நோக்கத்தில் செய்திருப்பினும், நான் மெச்சுகிறேன்.

இலங்கையில் சுடுகலன்களை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அங்கே உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்காக்கும் குடியானவருக்குச் சன்னத் துவக்கு கிடைக்கும், கைத்துப்பாக்கியோ பாதுகாப்பு அமைச்சின் தயவாலேயே கிடைக்கும். அத்தயவும் நிலையானதன்று: 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று முன்பு வழங்கிய ஆயுதங்களையெல்லாம் மறுபரிசீலனைக்காகத் திரும்ப ஒப்படைக்குமாறு அவ்வமைச்சு கட்டளையிட்டது. ஓய்வு வேளையில் துவக்கு வைத்திருப்பது உரிமையன்று, சலுகை என்பதை இந்தியாவைக் காட்டிலும் அழுத்தமாகச் சொல்லும் தேசம் அது. அதற்குக் காரணம் அதன் சரித்திரத்தில் இருக்கிறது.

1971 ஏப்ரல் 5ஆம் நாள், கிளர்ச்சியில் இறங்கி, நாட்டுத் துவக்குகளோடும் கைக்குண்டுகளோடும் வந்த இளைஞர்கள் தென்னிலங்கையின் நிலையங்களைத் தாக்கினர். நிலையத்தின் ஆயுதங்கள் அவர்களுடைய நாட்டத்தில் முக்கியமானவை. 1987 முதல் 1989 வரை நடந்த இரண்டாம் கிளர்ச்சியில், விடுமுறையில் ஊர் சென்ற போலீஸாரும் சிப்பாய்களும் தம் இல்லங்களிலேயே கொல்லப்பட்டனர். குடும்பத்தாருக்கும் மரண மிரட்டல் வந்தது. பின்னும் 2018 நவம்பர் இறுதியில், மட்டக்களப்பை அடுத்த வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டு, அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. சந்தேகத்தின் பேரில் முன்னாள் போராளி ஒருவர் சிறையில் வாடினார். மறு ஆண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரே அது, அக்குண்டுவெடிப்புகளை நடத்திய சஹ்ரானின் கூட்டத்தார் செய்த காரியம் என்று வெளிப்பட்டது. போலீஸ்காரரின் ஆயுதம் அவருக்குக் கவசமாவதற்கு முன் அவரை வேட்டைப்பொருளாக்கிவிடக்கூடும் என்பதை அத்தீவு மறுமுறையும் அன்று கண்டது.

நல்லூரில் 2017 ஜூலை 22ஆம் நாள் நிகழ்ந்ததை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்கமாட்டார்கள். மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியனுக்கு மெய்க்காவலராக இருந்த சார்ஜன்ட் ஹேமச்சந்திராவின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியே பறிக்கப்பட்டு, அதனாலேயே அவர் சுடப்பட்டு மாண்டார். அந்தச் சிங்கள உத்தியோகஸ்தரின் மனைவியின் காலில் விழுந்து அத்தமிழ் நீதிபதி அழுததைத் தேசமெல்லாம் பார்த்தது. பணியில், முழு விழிப்போடு, பயிற்சி பெற்ற சகாவும் அருகில் இருக்கையிலேயே நிகழ்ந்தது இது. அங்ஙனமாயின் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகையில் சட்டைக்கடியில் துப்பாக்கி வைத்திருப்பவர் அதை எங்ஙனம் காப்பார்?

இதற்கு எதிர்வாதம் காஷ்மீரத்திலிருந்து வருகிறது. அதை இலேசாகத் தள்ளிவிட என்னால் ஆகாது. 2021 ஜூனில் ஸ்ரீநகரை அடுத்த நவ்காமில் தொழுகைக்காக வெளியே வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் சுடப்பட்டு மாண்டார். 2023 அக்டோபரில் ஈத்கா மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் சுடப்பட்டு, டிசம்பரில் உயிர் நீத்தார். இத்தகையோருக்கு ஓய்வு வேளை என்பதுதான் மிகுந்த பிராணாபாயமுள்ள வேளை. ஆனால் 2017 ஏப்ரலில் அந்த மாநிலப் போலீஸ் தன் ஆட்களுக்கு விடுத்த அறிவுரை, ‘துப்பாக்கியோடு வீட்டுக்குப் போங்கள்’ என்பதன்று. ‘சில மாதங்கள் வீட்டுக்கே போகாதிருங்கள்’ என்பதுதான். தெற்குக் காஷ்மீரத்தில் பிறந்த காவலருக்குத் தாய் வீடே தடை செய்யப்பட்ட பிரதேசமாயிற்று. எதிர்பாராமல் வந்து சுடுகிறவன் முன்னே இடுப்பில் உறங்கும் ஆயுதம் மிகச் சிறிதே உதவும் என்பதை, அவ்வறிவுரையை எழுதிய கை அறிந்திருக்க வேண்டும்.

மற்றொரு பக்கமும் உண்டு. அது பகைவனைப் பற்றியதன்று, காவலரின் மனத்தைப் பற்றியது. 2021 டிசம்பர் 24ஆம் நாள், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் தம் சகாக்கள்மீதே சுட்டதில் நால்வர் மாண்டனர். 2023 ஜனவரி 29ஆம் நாள், ஒடிசாவின் பிரஜராஜ்நகரில், பாதுகாப்புக்கு நிறுத்தப்பட்டிருந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரே மாநிலச் சுகாதார மந்திரி நவகிஷோர் தாஸைச் சுட்டுக் கொன்றார். இரண்டும் பணி வேளையில், பணி ஆயுதத்தால் நிகழ்ந்தவை. சகாக்களும் மேலதிகாரிகளும் சூழ்ந்திருக்கும் இடத்திலேயே தடுக்க முடியாத உன்மத்தத்தை, மனைவியும் மக்களும் மட்டும் இருக்கும் இல்லத்துக்குத் துப்பாக்கியோடு சேர்த்து அனுப்புவது எவ்வகை நீதி?

தற்காப்பு உரிமையைக் கேட்போருக்கு அது ஏற்கனவே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1883இல் இலங்கை தன் தண்டனைக் கோவையை இயற்றியபோது, அவ்வுரிமையையும் கொண்டுபோயிற்று. 2024 ஜூலை முதல் இந்தியா தன் பழைய சட்டத்தைக் கைவிட்டுப் புதியதை ஏற்றும் அவ்வுரிமையைக் கைவிடவில்லை. சீருடையில் இருப்பினும் லுங்கியில் இருப்பினும் காவலருக்கும் குடிமகனுக்கும் அது பொது.

எனவே இரு அரசுகளும் தத்தம் ஆயுத அறைகளை மாலையில் பூட்டுவதே சரி. மெய்யாகவே உயிருக்கு அபாயமுள்ளவருக்கு மட்டும், பெயர் குறித்து, காலம் குறித்து, எழுத்தில் அனுமதி தருக. தவறு பூட்டுவதில் இல்லை; பூட்டிய பின்னும் மனிதரைக் கடமையில் இருப்பதாகவே கருதுவதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காவலர்க்கு வார விடுமுறை என்பது அரசாணையாக வந்ததே 2021இல்தான். திருக்கோவிலில் அந்த சார்ஜன்ட் தம் சகாக்களைச் சுட்டதற்கு முன் கேட்டதும், செய்தித்தாள்களின்படி, விடுமுறையைத்தான்.