எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரா?

குட்இயர் நிறுவனம் 1977இல் அமெரிக்காவில் டியெம்போ என்ற டயரை ‘எல்லாப் பருவ டயர்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரைவுக் கார்களின் டயர்களுக்கும் இன்று இப்பெயர் சூட்டப்படுகிறது. பெயர் பௌதிகத்துக்குப் பொருந்துகிறதா?

ரப்பர் சாலையைப் பற்றுவது அது நெகிழ்ந்து கொடுப்பதால்தான். குளிரக் குளிர அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் அசைவு அடங்கி, ரப்பர் விறைக்கிறது. விரைவு டயரின் ரப்பர் கலவையில் வெதுவெதுப்பான சாலைக்கே முதலிடம். கடுங்குளிரில் அது குளிர்கால டயருக்கு ஈடாகாது.

டயரின் பக்கவாட்டில் காணும் ‘எம்+எஸ்’ எழுத்துகள் சேற்றையும் வெண்பனியையும் குறிப்பவை. ஆனால் அவை மேற்பரப்பின் பள்ள அமைப்பைப் பற்றியவையே. பனியில் சோதித்ததற்குச் சான்றல்ல. மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் வரைந்த சின்னமே அச்சான்று. சில எல்லாப் பருவ டயர்களும் அதைப் பெற்றுள்ளன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2014 டிசம்பரிலிருந்து இச்சின்னத்தையே குளிர்கால டயருக்கு அளவுகோலாகக் கொண்டுள்ளது.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால், உராய்வுக் குணகம் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் கார் சுமார் 14 மீட்டரில் நிற்கும், குணகம் 0.2 ஆகக் குறைந்த பனிச்சாலையில் 49 மீட்டர் ஓடும். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் கார் எளிதில் புறப்படலாம். நிற்பதற்கு அதனால் பயனில்லை.

ஆகவே சின்னமில்லாத டயரில் ‘எல்லாப் பருவம்’ என்பதைப் ‘பனிக்காலம் நீங்கலாக’ என்றே படிக்க வேண்டும்.